மேகத்துக்கு அடியில் ஒரு பக்கெட்

அத்தியாயம் 5

"க்ளவுட்ல இல்லைன்னா, அப்படி ஒரு விஷயம் நடக்கவே இல்லைன்னு அர்த்தம்" என்றார் மேனேஜர்.

சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடவுள் மேல் சத்தியம் செய்கிறவனைக்கூட ஒரு நிமிடம் நம்பிவிடுவேன். க்ளவுட் மேல் சத்தியம் செய்கிறவனை நம்ப நான் என்ன காதில் பூ வைத்துக்கொண்டா வந்திருக்கிறேன்?

மேஜைக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர். நடுவில் மேடம். இன்சூரன்ஸ் கம்பெனியில் பதினெட்டு வருடம் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்துவிட்டு, ஒரு நாள் மேலதிகாரியின் பொய்யையே கண்டுபிடித்து, வெளியே வந்து துப்பறியும் ஏஜென்சி என்று போர்டு மாட்டியவர். இடது பக்கம் நான், அவருடைய உதவியாளன். அதற்கு முன்னால் ஏசி மெக்கானிக். வாய் ஓயாமல் ஓடிக்கொண்டே இருப்பதால் மேடம் எனக்கு வைத்த பெயர் கம்ப்ரஸர். வலது பக்கம், கேஸைக் கொண்டுவந்த லிஃப்ட்டக்கா.

பதினோரு வருடமாக இந்தக் கம்பெனிக்கு லிஃப்ட் பழுது பார்க்கிறவர் அவர். போன திங்கட்கிழமை ஆறு மாடிக் குடியிருப்பு ஒன்றில் லிஃப்ட் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஒரு மாடி சறுக்கி விழுந்தது. உள்ளே இருந்த பெரியவருக்குக் கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. பிரேக் லைனிங் தேய்ந்துவிட்டது, லிஃப்டை உடனே நிறுத்த உத்தரவு கொடுங்கள் என்று அந்த மாதத்தில் மூன்று தடவை எழுதி அனுப்பினேன் என்கிறார் லிஃப்ட்டக்கா. ஒரு தடவைகூட வரவில்லை என்கிறது கம்பெனி. இன்றைக்கு நாலு மணிக்கு அரசாங்க லிஃப்ட் இன்ஸ்பெக்டர் இதே ஆபீசுக்கு விசாரணைக்கு வருகிறார். எழுதி அனுப்பியதற்கு ருசு இல்லையென்றால் அக்காவின் லைசென்ஸ் போகும். பின்னாலேயே போலீஸ் கேஸ் வரும்.

இப்போது மணி இரண்டு.

"இந்தாம்மா" என்று மேனேஜர் ஒரு காகிதத்தை லிஃப்ட்டக்கா பக்கம் தள்ளினார். "வேலை அதிகமா இருந்ததால சோதனை பண்ண மறந்துட்டேன்னு ஒரு வரி. கையெழுத்துப் போட்டா, இன்ஸ்பெக்டர்கிட்ட நானே உனக்காகப் பேசறேன்."

அக்கா காகிதத்தைத் தொடவில்லை. "செஞ்ச வேலையை மறந்துட்டேன்னு எழுத என் கைக்குத் தெரியாது சார்."

"அப்ப ஆதாரம் காட்டு."

அக்கா சட்டைப்பையில் இருந்து எண்ணெய்க்கறை படிந்த சின்ன நோட்டு ஒன்றை எடுத்தார். தினமும் எந்தக் கட்டடம், என்ன பழுது, எத்தனை மணிக்குப் போன் வழியாகக் கம்பெனியின் க்ளவுடுக்கு அனுப்பினார் என்று எல்லாம் அதில் இருந்தது; அனுப்பிய பிறகு போனில் எதுவும் தங்காது. மேனேஜர் சிரித்தார்.

"இதை நேத்து ராத்திரி வீட்டுல உட்கார்ந்துகூட எழுதியிருக்கலாமே. நோட்டு பொய் சொல்லும். க்ளவுட் பொய் சொல்லாது."

இப்போது மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த க்ளவுட் எங்க இருக்கு?"

மேனேஜருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த சிஸ்டம்காரர், அந்த ஆபீசின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர், தொண்டையைச் செருமினார். "அது வந்து மேடம்... ஒரு இடம்னு சொல்ல முடியாது. எல்லா இடத்துலயும் இருக்கும்." கையைக் கூரைப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். கூரையில் ஒரு பல்லிதான் இருந்தது.

"மூணு நாட்டுல இருக்கு" என்று மேனேஜர் குறுக்கே விழுந்தார். "பெரிய பெரிய கம்பெனிக்காரங்க பாதுகாப்புல. எங்க ஆபீஸ்ல ஒருத்தராலயும் அதுல ஒரு எழுத்தை மாத்த முடியாது, அழிக்க முடியாது. இன்ஸ்பெக்டருக்கு அப்படித்தான் எழுத்துல கொடுத்திருக்கோம். என் கையெழுத்தோட."

"அந்தக் கடிதத்துல ஒரு நகல் கிடைக்குமா?"

"தாராளமா" என்றார் மேனேஜர். அவ்வளவு சந்தோஷமாகத் தன் கழுத்துக்குத் தானே கயிறு அளந்து கொடுத்த மனிதரை நான் பார்த்ததில்லை. ஆனால் அது கயிறு என்று அப்போது எனக்கும் தெரியாது.

வராந்தாவுக்கு வந்ததும் நான் கொட்டித் தீர்த்தேன். "என்ன மேடம் இது அநியாயம்! லிஃப்ட் விழுந்தது இந்த ஊர்ல. கால் உடைஞ்சது இந்த ஊர்ல. சாட்சி மட்டும் மூணு நாட்டுலயா? நாலு மணிக்குள்ள மூணு நாட்டுக்கும் போக என்கிட்ட பாஸ்போர்ட்கூட இல்ல!"

"க்ளவுட்னா என்னன்னு தெரியுமா கம்ப்ரஸர்?"

"மேல இருக்கறது. மழை பெஞ்சா ஃபைல் எல்லாம் நனையும்."

"அடுத்தவர் வீட்டு பீரோ" என்றார் மேடம். "அவ்வளவுதான் விஷயம். உங்க வீட்டுப் பத்திரத்தை வைக்க உங்ககிட்ட நல்ல பூட்டு இல்ல. பக்கத்து வீட்டுல பெரிய பீரோ இருக்கு. அங்க வைக்கறீங்க. உங்களுக்கு ஒரு சாவி. வேணும்கறப்ப எடுக்கறீங்க, பார்க்கறீங்க, திரும்ப வைக்கறீங்க. பக்கத்து வீட்டுக்காரர் பொறுப்பானவரா இருந்தா, நெருப்புப் பிடிச்சாலும் இருக்கட்டும்னு ஒரு நகல் எடுத்து வேற ஊர்ல இருக்கற தம்பி வீட்டுலயும் வைப்பார்."

"அப்ப இந்த மேகம், வானம் எல்லாம்?"

"பேர்ல மட்டும்தான். பீரோ தரையிலதான் நிக்குது. க்ளவுட்ங்கறதும் ஏதோ ஒரு ரூம்ல, யாரோ ஒருத்தரோட கம்ப்யூட்டர். அதுக்குக் கரண்ட் வேணும். சூடாகும், அதனால குளிர் வேணும். கதவு வேணும், பூட்டு வேணும். எங்க இருக்குன்னு கேட்டா ஒருத்தர் கூரையைக் காட்டறார்னா, சாவி யார்கிட்ட இருக்குன்னு சொல்ல அவருக்குப் பிடிக்கலைன்னு அர்த்தம்."

லிஃப்ட்டக்கா சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "பதினோரு வருஷத்துல இதை இப்படி ஒருத்தரும் எனக்குச் சொல்லலை மேடம். மேல போயிடுச்சு, மேல போயிடுச்சுன்னுதான் சொல்வாங்க. செத்துப்போன மாதிரி."

மேடம் அவரிடம் நோட்டைக் கேட்டு வாங்கினார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"பதினாலாம் தேதி, செவ்வாய். 'பத்து மணியிலேருந்து பன்னிரண்டு வரைக்கும் அனுப்ப முடியல, க்ளவுட் வேலை செய்யல'ன்னு எழுதியிருக்கீங்க. அன்னைக்கு எங்க இருந்தீங்க?"

"ஊருக்கு அந்தக் கோடியில. ஆஸ்பத்திரி லிஃப்ட். அங்க கரண்ட் இருந்துச்சு, சிக்னல் இருந்துச்சு. எனக்கு மட்டும் இல்ல, எல்லா மெக்கானிக்குக்கும் அன்னைக்கு அப்படித்தான். பன்னிரண்டு மணிக்குத் தானா சரியாயிடுச்சு."

மேடம் நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். வராந்தாவில் இருந்த அறிவிப்புப் பலகையின் முன்னால் போய் நின்றார். ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய காகிதங்களுக்குள் ஒன்றைக் காட்டி, "சத்தமா படிங்க கம்ப்ரஸர்" என்றார்.

படித்தேன். "'பதினான்காம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை நமது தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் பராமரிப்புக் காரணமாக மின்தடை. ஊழியர்கள் படிக்கட்டைப் பயன்படுத்தவும்.'" என் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. "மேடம்! இந்தத் தெருவுல கரண்ட் போனா, மூணு நாட்டுல இருக்கற க்ளவுட் எதுக்குப் படுக்கணும்?"

"அதான் எனக்கும் தெரியணும்" என்றார் மேடம். "இப்ப உங்க பழைய தொழில் வேணும். இந்த மாடியில ஏசி போட்ட ரூம் எத்தனை?"

இதைவிட வேறென்ன வேண்டும் எனக்கு? பத்து நிமிடத்தில் சுற்றி வந்தேன். மேனேஜர் அறை ஒன்று, கணக்கர் அறை ஒன்று, கூட்டம் நடத்தும் அறை ஒன்று, வரவேற்பு ஒன்று. ஆக நாலு. பிறகு பின்பக்கப் படிக்கட்டு ஜன்னல் வழியாகக் கழுத்தை நீட்டி வெளிச்சுவரைப் பார்த்தேன். சுவரில் மாட்டிய வெளி யூனிட்டுகளை எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.

ஐந்து.

நாலு மின்விசிறிகளும் விட்டு விட்டுச் சுற்றின. ஐந்தாவது நிற்கவே இல்லை. அதன் குழாய் சுவரில் நுழைகிற இடத்தைக் கணக்குப் பண்ணிக்கொண்டு உள்ளே ஓடினேன். வராந்தாவின் கடைசியில் ஒரு கதவு. அதில் ஒரு பலகை: 'துடைப்பம் – பக்கெட்'. கதவுக்கடியில் கையை வைத்தேன். விரல் நுனி சில்லிட்டது.

"மேடம்" என்று கத்தாத குறையாகச் சொன்னேன். "துடைப்பத்துக்கு வேர்க்குமா?"

படிக்கட்டுக்கு அடியில் இருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. தரை துடைக்கிற அம்மா. அவருடைய துடைப்பமும் துணிகளும் அந்தப் படிக்கட்டுக்கு அடியில்தான் கிடந்தன.

"ஏன்மா, இவ்வளவு பெரிய ரூம் இருக்கறப்ப இதை எல்லாம் ஏன் இங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டார் மேடம்.

"அந்த ரூமுக்கா? பலகை மட்டும்தாங்க எங்களுது. சாவியை அந்த சிஸ்டம்காரர்தான் வச்சிருக்கார். மேனேஜர் ஐயாகிட்ட ஒண்ணு இருக்கு. நான் உள்ள கால் வச்சதே இல்ல." அவர் குரலை உயர்த்தினார். "போதாததுக்கு, மூணு மாசத்துக்கு முன்னாடி என் பச்சை பக்கெட்டை வேற அந்த ஆளு வாங்கிட்டுப் போனாரு. இந்தா தர்றேன், அந்தா தர்றேன்னு இன்னைக்கு வரைக்கும் வரல. நல்ல பக்கெட்டுங்க அது."

மேடம் கண்ணை மூடித் திறந்தார். இன்சூரன்ஸ் நாட்களில் அப்படிக் கண்ணை மூடித் திறந்தால் யாரோ ஒருவருக்கு வேலை போகும் என்று சொல்வார்கள்.

"உங்க பக்கெட் இன்னைக்கு வந்துடும்மா" என்றார்.

நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். மூன்று மாடி படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. அவரை அழைத்துவரக் கீழே போய்க் கூடவே ஏறி வந்த லிஃப்ட்டக்காவுக்கு வாங்கவில்லை. மதியம் நாங்கள் வந்தபோதும் அவர் படிதான் ஏறினார். லிஃப்ட் மெக்கானிக் படியேறுகிறார் என்று நான் கிண்டல் பண்ணியதற்கு, "நான் கை வைக்காத லிஃப்ட்ல நான் கால் வைக்க மாட்டேன்" என்றிருந்தார். அந்தக் கட்டடத்து லிஃப்ட் வேறொரு மெக்கானிக்கின் பொறுப்பு. நான் அதில்தான் ஏறினேன். இரண்டாவது மாடியில் அது ஒரு குலுக்குக் குலுக்கியது.

இன்ஸ்பெக்டர் உட்காரும் முன்னாலேயே மேடம் கடிதத்தை அவர் கையில் கொடுத்தார். "சார், விசாரணைக்கு முன்னாடி ஒரு கதவைத் திறக்கணும்."

"அது துடைப்ப ரூம்!" என்றார் மேனேஜர்.

"துடைப்பத்தைப் பார்த்தா எனக்கு ஒண்ணும் பயம் இல்ல, திறங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

சிஸ்டம்காரர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் சுவரைப் பார்த்தார். சாவி திரும்பியது.

உள்ளே ஒரு துடைப்பம்கூட இல்லை. இரும்பு அலமாரி ஒன்றில் பெரிய கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டு இரைந்தது. அதற்கு நேர் மேலே ஏசி. ஏசியின் ஓரத்தில் இருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அலமாரியின் மேல் தட்டில், பெட்டிக்கு ஒரு சாண் உயரத்தில், சொட்டுகிற நீரை வாங்கிக்கொண்டு ஒரு பச்சை பக்கெட் உட்கார்ந்திருந்தது.

"மூணு நாட்டுக்கும் வணக்கம்" என்றேன் நான்.

இன்ஸ்பெக்டர் கடிதத்தையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "யாராலயும் தொட முடியாதுன்னு எழுதியிருக்கீங்க. இது உங்க கைக்கு எட்டற தூரத்துல இருக்கே?"

மேனேஜர் வியர்வையைத் துடைத்தார். அந்தக் குளிரில் வியர்த்த ஆள் அவர் ஒருவர்தான். ஆனால் லேசுப்பட்ட ஆள் இல்லை. அரை நிமிடத்தில் நிமிர்ந்துவிட்டார்.

"சரி சார். க்ளவுட்னு சொன்னா கஸ்டமருக்கு ஒரு மதிப்பு. அதுக்காகச் சொன்னோம். தப்புதான். ஆனா பெட்டி இதோ இருக்கு. நீங்களே தேடிப் பாருங்க. இந்தம்மா அனுப்பினது ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் நான் வேலையை விட்டுப் போயிடறேன்."

சிஸ்டம்காரர் தேடினார். அந்தக் குடியிருப்பின் பெயரைப் போட்டார். ஒன்றும் இல்லை. லிஃப்ட்டக்காவின் நம்பரைப் போட்டார். எண்ணெய் போட்டது, விளக்கு மாற்றியது, கதவு சரி பண்ணியது என்று வரிசையாக வந்தது. பிரேக் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். "மேடம், இவர் பொய் சொன்னது நிரூபணம் ஆயிடுச்சு. அதைத் தனியா பார்த்துக்கறேன். ஆனா இந்தம்மா எழுதி அனுப்பினாங்கன்னு இதுல ஆகலையே. நான் இருக்கறதை வச்சுத்தான் எழுத முடியும்."

பேனாவைத் திறந்தார். லிஃப்ட்டக்கா ஓர் அடி முன்னால் வந்தார்.

"எழுதுங்க சார். லைசென்ஸை எடுத்துக்குங்க. ஜெயில்ல போடறதுன்னாலும் போடுங்க. ஆனா மறந்துட்டேன்னு மட்டும் எழுதாதீங்க. நான் மறக்கலை. மூணு தடவை எழுதினேன். அந்தப் பெரியவர் ஆஸ்பத்திரியில படுத்திருக்கார், அவர்கிட்டயும் இதைத்தான் சொன்னேன். கழுத்தைத் திருகினாலும் இதைத்தான் சொல்வேன்."

சொட்டுச் சத்தம் மட்டும் கேட்டது.

மேடம் அந்தச் சத்தத்தின் பக்கம் திரும்பினார். "சிஸ்டம் சார், இந்த பக்கெட் எதுக்கு?"

"ஏசி ஒழுகுது மேடம்."

"எத்தனை நாளா?"

"மூணு மாசமா."

"குழாய் அடைச்சிருக்கு, ஒரு ஊது ஊதினா போயிடும்" என்றேன் நான். தொழில் புத்தி விடுமா?

மேடம் என்னைக் கண்டுகொள்ளவில்லை. "இவ்வளவு முக்கியமான பெட்டிக்கு மேல தண்ணி சொட்டுது. நீங்க புகார் பண்ணலையா?"

"பண்ணாம இருப்பேனா! மூணு தடவை பண்ணேன். மெக்கானிக்குங்க அனுப்பற அதே வழியிலதான். எங்க ஆபீஸ்ல எந்தப் பழுதுன்னாலும் அதுலதான் போடணும். எல்லாத்துக்கும் மேனேஜர் சார்கிட்ட இருந்து 'பிறகு பார்க்கலாம்'னு பதில் வந்துச்சு."

"தேடுங்களேன்."

அவர் அலட்சியமாகத் தட்டினார். பிறகு முன்னால் குனிந்தார். வேறு விதமாகத் தட்டினார். காது மடல் சிவந்தது.

"இல்லையே... நான் அனுப்பினேன் மேடம். சத்தியமா அனுப்பினேன்!"

"க்ளவுட்ல இல்லைன்னா அப்படி ஒரு விஷயம் நடக்கவே இல்லையாமே" என்றார் மேடம். "மேனேஜர் சார் மதியம் சொன்னார். அப்ப ஏசி ஒழுகவே இல்ல. இந்த பக்கெட்டும் இங்க இல்ல. அப்படித்தானே?"

சிஸ்டம்காரர் மெதுவாக மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"இன்ஸ்பெக்டர் சார்," மேடம் தொடர்ந்தார், "இவருக்கு அந்தம்மா எழுதின மூணை மட்டும் பொறுக்கி எடுக்கப் பொறுமை இல்ல. 'பிறகு பார்க்கலாம்'னு தான் போட்டு வச்ச பட்டியல் முழுசையும் ஒரே தட்டுல அழிச்சிருக்கார். பிரேக்கும் போச்சு. கூடவே ஏசியும் போச்சு. ஆனா பக்கெட்டை அழிக்க மறந்துட்டார்."

"ஊகம்! வெறும் ஊகம்!" என்று மேனேஜர் குதித்தார். "அழிஞ்சதா சொல்றதைக் காட்டச் சொல்லுங்க பார்ப்போம்!"

"நான் காட்டறேன்" என்றார் சிஸ்டம்காரர்.

அவர் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். "என்னைக்கு இந்த பக்கெட் நிரம்பி வழியுமோன்னு எனக்குத் தினமும் பயம். பெட்டி நனைஞ்சா எல்லாரோட உழைப்பும் போயிடும். அதனால தினமும் சாயந்திரம் அஞ்சு மணிக்கு ஒரு நகல் வெளியில போகற மாதிரி பண்ணி வச்சேன். நிஜமான க்ளவுடுக்கு. அன்னன்னைக்கு எடுத்த நகல் அப்படியே தனித்தனியா இருக்கும். இங்க அழிச்சாலும் அங்க அழியாது. அக்கா எழுதவே இல்லைன்னு இவர் சொன்னார், நம்பிட்டேன். அதனால அங்க போய்ப் பார்க்கணும்னு தோணவே இல்ல."

"யாரைக் கேட்டுப் பண்ணே?" மேனேஜர் அலறினார்.

"உங்களைத்தான் சார். மூணு தடவை கேட்டேன். பிறகு பார்க்கலாம்னு போட்டீங்க."

போன ஞாயிற்றுக்கிழமை நகல் திரையில் வந்தது. லிஃப்ட் விழுந்ததற்கு முந்தின நாள். அக்காவின் நோட்டில் இருந்த அதே தேதி, அதே மணி. மூன்று புகார்கள். மூன்றாவதோடு தேய்ந்த பிரேக்கின் படமும் இருந்தது. கீழே அக்கா எழுதியிருந்தார்: 'ஆள் ஏறுகிற லிஃப்ட். தயவுசெய்து இன்றைக்கே நிறுத்தவும்.' அதற்குக் கீழே மேனேஜரின் பதில், அதே இரண்டு வார்த்தை.

இன்ஸ்பெக்டர் அதை வாய்விட்டுப் படித்தார். பிறகு தான் எழுத ஆரம்பித்திருந்த காகிதத்தை நாலாகக் கிழித்தார். லிஃப்ட்டக்கா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரையின் கிட்டே போனார்.

"சார், பட்டியலை நல்லாப் பாருங்க. என்னோடது மட்டும் இல்ல. மத்த மெக்கானிக்குங்க அனுப்பினதும் இருக்கு. மொத்தம் பதினேழு லிஃப்ட். பதினேழுலயும் இப்ப ஆள் ஏறி இறங்கிட்டிருக்காங்க. என் கேஸ் கிடக்கட்டும், முதல்ல நிறுத்தச் சொல்லி உத்தரவு எழுதுங்க."

இன்ஸ்பெக்டர் புதுக் காகிதம் எடுத்தார். அவர் எழுதுவதற்குள் நான் ஏசிக் குழாயை ஊதி அடைப்பை எடுத்துவிட்டு, பச்சை பக்கெட்டைத் தரை துடைக்கிற அம்மாவிடம் கொடுத்தேன்; அவர் அதோடு படி துடைக்க இறங்கிவிட்டார்.

அந்த இடைவெளியில் மேனேஜர் நழுவினார். வராந்தாவில் விறுவிறுவென்று நடந்து போய் லிஃப்ட் பொத்தானை அழுத்தினார். கதவு திறந்தது. அவர் ஒரு காலை உள்ளே வைக்கப் போனார்.

"சார்!"

லிஃப்ட்டக்கா போட்ட சத்தத்தில் மாடியே திரும்பிப் பார்த்தது. மேனேஜரின் கால் அந்தரத்தில் நின்றது.

"படியில போங்க சார். பட்டியல்ல முதல் லிஃப்ட் அதுதான்."

மேனேஜர் லிஃப்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். காலைப் பின்னால் எடுத்தார். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். இரண்டாவது மாடி வளைவில், பச்சை பக்கெட்டோடு மேலே வந்துகொண்டிருந்த தரை துடைக்கிற அம்மா, ஒதுங்காமல் நடுப்படியிலேயே நின்று, "ஓரமா போங்க ஐயா, இப்பதான் துடைச்சிருக்கேன்" என்றார்.